சவாய் மண்டபத்து முழவரசர்

நமது மலரில் வரலாற்றுக் கட்டுரை என்றால் கரிகாலனும் கல்லணையும், இராசராசனும் தஞ்சைப் பெரிய கோயிலும் தவறாது இடம்பெறுவது வழக்கம். அது முறையே. எனினும், வாளேந்தாமல், கோட்டை கட்டாமல், இரண்டு மரக்குச்சிகளைக் கொண்டே ஓர் அரசு நடத்திய ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றேன். அவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களிடையே தோன்றியவர். வில்லியம் ஹென்றி வெப் என்பது இயற்பெயர். உலகம் அறிந்த பெயர் சிக் வெப். 'சிக்' என்றால் கோழிக்குஞ்சு. அவருடைய உருவம் பற்றி வந்த பெயர் அது.

நம் குடியிருப்பில் மிருதங்கமும் கஞ்சிராவும் பயிலும் பிள்ளைகள் இருக்கின்றனர். காலப்பிரமாணம் ஒரு மயிரிழை பிசகினாலும் பாட்டு முழுதும் தள்ளாடும் என்பதை அப்பிள்ளைகள் அறிவர். அவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இவ்வரலாறு அந்நியமாகத் தோன்றாது என்பது என் நம்பிக்கை.

வெப் பிறந்த ஊர் மேரிலாந்து மாநிலத்துத் துறைமுக நகராகிய பால்டிமோர். பிறந்த நாள் பிப்ரவரி 10. பிறந்த ஆண்டோ 1902 என்றும், 1905 என்றும், 1907 என்றும், 1909 என்றும் நூலுக்கு நூல் மாறும். 1905 என்பதே பெரும்பாலோர் கொள்வது. ஏழை வீட்டுப் பிறப்பைக் கருத்தாகப் பதிந்து வைப்பார் இல்லை. நம் அலுவலகப் பணிப்பதிவேடுகளில் மூத்த தோழர் பலருக்கும் ஜூலை முதல் நாளே பிறந்த நாளாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டோர் இதற்கு வியப்படையார்.

குழந்தைப் பருவத்திலேயே க்ஷயரோகம் அவர் முதுகெலும்பைப் பற்றியது. நுரையீரலைத் தின்னும் அதே நோய் எலும்பைத் தின்னும்போது முதுகு வளைந்து கூனாகும், வளர்ச்சி நின்றுபோகும். வெப்பின் உயரம் நான்கடியை ஒட்டியே நின்றுவிட்டது. வலி ஒருநாளும் அவரை விட்டதில்லை. இந்நோயை வெல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-ல். அப்போது வெப் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

விறைத்துப்போகும் கைகால்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று மருத்துவர் ஒருவர் டிரம் வாசிக்கச் சொன்னாராம். அதற்கு முன்னரே சிறுவன் வீட்டுப் பாத்திரங்களிலும் படிக்கட்டுக் கம்பிகளிலும் தட்டிக் கொண்டிருந்தான் என்பர். தெருவில் செய்தித்தாள் விற்றுச் சேர்த்த காசில் தன் முதல் டிரம்களை வாங்கினான். பின்னர் கோடைக்காலத்தில் மக்களை ஏற்றிச் செல்லும் உல்லாசப் படகுகளில் வாசிக்கும் குழுவொன்றில் இடம் கிடைத்தது. படகிலே தொடங்கிய இத்தொழில் படகிலேயே முடிந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

டிரம் வாசிப்பு என்பது யாது என்பதைச் சற்று விளக்கிச் செல்வது நலம். நம் ஊர்த் திருமணங்களில் வரும் பாண்டு வாத்தியத்தில் பெரிய டிரம் அடிப்பவர் ஒருவர், சிறிய டிரம் அடிப்பவர் இன்னொருவர், பித்தளைத் தட்டுகளை மோதுபவர் மற்றொருவர். அமெரிக்காவிலும் தெரு ஊர்வலத்தில் அவ்வாறே இருந்தது. ஊர்வலம் ஓய்ந்து, வாத்தியம் கூடத்துக்குள் வந்து அமர்ந்தபோது, மூவர் வேலையை ஒருவரே பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. காலால் மிதித்துப் பெரிய டிரம்மை அடிக்கும் மிதிகட்டை ஒன்றை 1909-ல் லுட்விக் என்பவர் செம்மையாகச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்த பின் அது எளிதாயிற்று. வலக்கால் பெரிய டிரம்மில். இடக்கால் ஜால்ரா போன்ற இரு தட்டுகளை மூடித் திறக்கும் கருவியில். இரு கைகளும் சிறிய டிரம், தொங்கும் தட்டுகள், மரக்கட்டைகள் ஆகியவற்றில். நான்கு உறுப்புகளும் நான்கு வேலை செய்தாலும் தாளம் ஒன்றே. முழு உடல் நலம் உடையோரே ஓர் இரவு வாசித்தால் களைத்துவிடும் தொழில் இது. கூன் விழுந்த முதுகோடு, கால் எட்டாத உயரத்தோடு ஒருவர் இதில் புகுந்தார் என்பதை மனத்தில் இருத்திக் கொள்ளுதல் வேண்டும்.

1920-களின் இடைப்பகுதியில், ஜான் ட்ரூஹார்ட் என்ற கிதார் வாசிக்கும் நண்பரோடு வெப் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். அவர்கள் சேர்ந்த இடம் அந்நகரின் வடபகுதியாகிய ஹார்லெம். தென்மாநிலங்களில் பருத்திக் காடுகளிலும் கொடுமையான சட்டங்களின் கீழும் வாழ முடியாத கறுப்பின மக்கள், வேலை தேடி ரயிலேறி வடக்கே வந்து குடியேறிய பகுதி அது. பிழைப்புக்காகப் பிறந்த ஊரை விட்டு வந்து, தம் உணவையும் வழிபாட்டையும் பாட்டையும் உடன் கொண்டுவந்து, வேற்றூரில் ஒரு சிற்றூரை ஆக்கிக் கொண்டோர் மனநிலையை நம் காலனி மக்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

1926-ல் வெப் தலைமையில் ஒரு சிறு குழு அமைந்தது. பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற டியூக் எலிங்டன்தான் அவ்வாய்ப்பை ஏற்படுத்திக் கொடுத்தார். ஆனால் அடுத்த நான்கைந்து ஆண்டுகள் வறுமையே. தாம் விரும்பும் இசையைத் தவிர வேறு வாசிக்க உடன்படாத பிடிவாதமும் அதற்கு ஒரு காரணம். வெப் கண்டெடுத்த வாத்தியக்காரர்களைப் பணம் படைத்த பெரிய குழுவினர் அழைத்துச் செல்வதும் நிகழ்ந்தது. ஜானி ஹாட்ஜஸ் என்ற அரிய சாக்ஸபோன் கலைஞர் 1928-ல் எலிங்டன் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தார். வெப் எவரையும் ஏசியதாகத் தெரியவில்லை. வேறொருவரைத் தேடிப் பயிற்றத் தொடங்கினார்.

இனி அவர் ஆட்சி புரிந்த மண்டபத்துக்கு வருவோம். ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில், 140-ஆம் தெருவுக்கும் 141-ஆம் தெருவுக்கும் இடையே, ஒரு தெருப்பகுதி முழுவதையும் அடைத்துக் கொண்டு, 1926 மார்ச் 12 அன்று திறக்கப்பட்டது சவாய் நடன மண்டபம். மாடிப்படியேறிச் சென்றால் ஏறத்தாழ 200 அடி நீளமும் 50 அடி அகலமும் உள்ள மெருகிட்ட மரத்தளம். ஆடுவோரின் கால்களால் அத்தளம் தேய்ந்து தேய்ந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டதாகக் கூறுவர். ஒரு பக்கத்தில் இரண்டு மேடைகள். ஒரு குழு ஓயும்போது மறு குழு தொடங்கும். இசை நிற்பதே இல்லை.

அக்கால அமெரிக்காவில் இம்மண்டபத்தின் தனிச்சிறப்பு வேறொன்று. அதே ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப் என்னும் கேளிக்கை விடுதியில் மேடையில் ஆடுவோரும் பாடுவோரும் கறுப்பினத்தார். நாற்காலியில் அமர்ந்து காண்போர் வெள்ளையர் மட்டுமே. வாத்தியக்காரரின் தாய் தன் மகன் வாசிப்பதைக் கேட்க உள்ளே நுழைய முடியாது. சவாய் மண்டபத்திலோ நுழைவுக் கட்டணம் கொடுத்தவர் எவரும் நுழையலாம், ஆடலாம். நிறம் கேட்பாரில்லை; 'ஆடத் தெரியுமா?' என்பதே கேள்வி. வியாழக்கிழமை இரவுகளில் கூட்டம் மிகுதி. செல்வர் வீடுகளில் சமையல் வேலையும் வீட்டு வேலையும் செய்யும் பெண்களுக்கு வியாழக்கிழமைதான் விடுமுறை. வாரம் முழுவதும் பிறர் அடுப்படியில் நின்ற கால்கள் அன்று சவாய் தளத்தில் ஆடின. அங்கே வளர்ந்த ஆட்டத்துக்கு லிண்டி ஹாப் என்று பெயர். 1927-ல் அட்லாண்டிக் கடலைத் தனியே விமானத்தில் கடந்த லிண்ட்பர்கின் பெயரால் வந்தது என்பர்.

1931 முதல் சவாயின் நிலையான குழு வெப்பினுடையது. அதற்கு முன்பும் அங்கு வாசித்ததுண்டு. இப்போது அது அவருடைய இல்லமே ஆயிற்று. மேடையின் நடுவில், மற்றவரினும் உயரமான ஒரு பீடத்தில், அவருக்கென்றே செய்யப்பட்ட டிரம் வரிசை அமைந்தது. பெரிய டிரம்மின் குறுக்களவு 28 அங்குலம். அதன் பின்னே அமர்ந்தால் தலையும் தோளும் மட்டுமே தெரியும். மிதிகட்டைகள் அவர் கால் நீளத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. தட்டுகள் வாத்தின் கழுத்துப்போல் வளைந்த கம்பிகளில் தொங்கின, எட்டிப்பிடிக்கும் தூரத்தில். அன்றைய கறுப்பின இளைஞர் பலர் அந்த டிரம் வரிசையைப் பார்ப்பதற்காகவே வந்து மேடையோரம் நின்றனராம்.

அவருக்கு இசைக்குறி படிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம் தவில் வித்துவான்களுள் எத்தனை பேர் எழுத்தைப் பார்த்து வாசித்தனர்? புதிய உருப்படி ஒன்று வந்தால், வெப் ஒத்திகையில் ஓரமாக அமர்ந்து கேட்பார். ஒருமுறை கேட்டபின் ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியும் அவர் நினைவில் தங்கிவிடும். இன்ன இடத்தில் இரண்டாவது டிரம்பெட் தவறினார் என்று, அப்பகுதியைத் தாமே முனகிக் காட்டித் திருத்துவார். பதின்மூன்று பதினான்கு பேர் கொண்ட குழுவுக்கு அவரே டிரம், அவரே நட்டுவனார். முன்னே நின்று கோலசைக்க வேறொருவர் இருந்தார். அது கண்ணுக்கு மட்டுமே. அடுத்து எது வரும், எங்கே அடங்க வேண்டும், எங்கே எழ வேண்டும் என்பதெல்லாம் பின்னாலிருந்து வரும் முழவின் குறிப்பால் தெரிவிக்கப்பட்டன.

அவர் வாசிப்பின் தன்மையை எழுத்தில் காட்டுதல் அரிது. ஆயினும் கேட்டோர் அனைவரும் ஒரு செய்தியைச் சொல்கின்றனர். தனக்கு வாய்ப்பு வந்ததென்று பலத்தைக் காட்டுபவர் அல்லர் அவர். ஆடுவோரின் கால்களுக்கு ஒரு சீரான நடையைத் தந்துகொண்டே இருப்பார். பாட்டின் ஒரு பகுதி முடிந்து மறுபகுதி தொடங்கும் சிறு இடைவெளியில் ஒரு சொற்கட்டை வீசுவார். அது முடியும்போது குழு முழுவதும் ஒரு படி மேலே நிற்கும். நம் தனி ஆவர்த்தனத்தில் அரை மணி நேரத்தில் காட்டுவதை அவர் அரை நிமிடத்தில் காட்டியாக வேண்டும். அதுவும் ஆட்டம் நின்றுவிடாமல்.

இக்காலத்தே இவ்விசைக்கு 'ஸ்விங்' என்று பெயர் வழங்கலாயிற்று. 1935-க்குப் பின் அமெரிக்கா முழுவதும் பித்துப் பிடித்தது போல இதனைக் கேட்டது. அலை நம் நாட்டுக் கரையையும் தொட்டது. 1935-லேயே லியான் அப்பே என்பவரின் கறுப்பினக் குழு பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தது. ஆனால் பெரும் பணமும் பெரும் புகழும் சென்று சேர்ந்தது வெள்ளையர் குழுக்களிடமே. அவற்றுள் தலைமையானது கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் குழு. குட்மன் தீயவர் அல்லர். சிகாகோவில் ஏழை யூதக் குடியில் பிறந்து உழைத்து முன்னேறியவர். நிறவேற்றுமை பாராட்டாது கறுப்பினக் கலைஞரைத் தம்மோடு மேடையேற்றியவர். எனினும் கணக்கைக் கணக்காகவே பார்க்க வேண்டும். வெப் குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர் எட்கர் சாம்ப்சன். குழுவுக்கென அவர் ஆக்கிய உருப்படிகளுள் ஒன்று, மண்டபத்தின் பெயரையே தாங்கிய 'ஸ்டாம்பிங் அட் தி சவாய்'. வெப் குழு இதனை இசைத்தட்டில் பதிந்தது 1934-ல். குட்மன் குழு பதிந்தது 1936-ல். நாடறிந்தது இரண்டாவதே. ஆக்கியோர் பெயர்களில் சாம்ப்சன், வெப் ஆகியோருடன் குட்மன் பெயரும் அச்சாயிற்று. கார்னகி மண்டபத்தில் 1938 ஜனவரி 16 அன்று குட்மன் நடத்திய புகழ்மிக்க கச்சேரியின் முதல் உருப்படியும் சாம்ப்சன் வெப் குழுவுக்காக எழுதியதே.

இந்த இருவரும் நேருக்கு நேர் மோதிய இரவு ஒன்று உண்டு. சவாயில் இரண்டு மேடைகள் இருந்தன என்றேனன்றோ? இரு குழுக்களை எதிரெதிரே ஏற்றி, மாறி மாறி வாசிக்கச் செய்து, ஆடுவோரின் ஆரவாரத்தால் வெற்றி தோல்வி காண்பது அங்கு வழக்கம். நம் ஊர்த் திருவிழாக்களில் இரண்டு நாதசுவரக் கோஷ்டிகள் விடிய விடியப் போட்டியிட்டதை முதியோர் சொல்லக் கேட்டிருப்போம், அது போன்றதே. 1937 மே 11 அன்று குட்மன் குழு சவாய்க்கு வந்தது. உள்ளே நுழைந்தவர் 4,000 பேர். இடமின்றித் தெருவில் நின்றவர் மேலும் 5,000 பேர் என்பது அன்றைய கணக்கு. கூட்டத்தை அடக்கப் போலீசார் வரவழைக்கப்பட்டனர்.

குட்மன் குழுவின் டிரம் கலைஞர் ஜீன் குரூபா. அழகிய தோற்றம், இளமை, நெற்றியில் விழும் தலைமயிர். அமெரிக்க இளைஞரின் கண்மணி. எதிர்மேடையில் நான்கடி உயரமுள்ள கூனர். வெப் அதற்கு முன்பே தம் குழுவினரை நாள்தோறும் ஒத்திகைக்கு அழைத்து, இவ்விரவில் தவறுபவர் மறுநாள் வரவேண்டாம் என்று எச்சரித்திருந்தாராம். குட்மன் குழு நன்றாகவே வாசித்தது. அது முடித்ததும் வெப், அதே உருப்படிகளைத் தம் மேடையில் எடுத்து வாசிக்கத் தொடங்கினார். மண்டபம் அதிர்ந்தது. ஆடுவோர் கால்கள் தீர்ப்பை எழுதிவிட்டன. இறுதியில் குரூபா எழுந்து, வெப்பை நோக்கித் தலை தாழ்த்தி வணங்கினார். தம்மினும் சிறந்தவரிடம் தோற்றதைப் பின்னாட்களில் அவர் மறைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார்.

இங்கே வரலாற்று மாணவன் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். வெப்பின் இசைத்தட்டுகள் பல கிடைக்கின்றன. 'ஹார்லெம் காங்கோ', 'லைசா' முதலியவற்றை இன்று எவரும் கைப்பேசியிலேயே கேட்கலாம். ஆனால் அக்காலத்து ஒலித்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடமே ஓடும். டிரம் அடியின் அதிர்ச்சி ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்று, டிரம் கலைஞரைத் தள்ளி அமர்த்தி, அடக்கி வாசிக்கச் சொல்வது வழக்கம். 28 அங்குலப் பேரிகையின் முழக்கம் அத்தட்டுகளில் ஒரு முணுமுணுப்பாகவே கேட்கிறது. தனியே வாசிக்கும் இடம் சில விநாடிகள். சவாய் தளம் குலுங்க நின்று வாசித்த நீண்ட உருப்படிகள் எதிலும் பதியவில்லை. அங்ஙனமாயின் அவர் பெருமைக்குச் சான்று யாது?

களப்பிரர் தம் புகழைத் தாமே பொறித்து வைத்த சாசனம் அரிது. அவர்களை வென்ற பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டின் வழியாகவே அவர்கள் ஆட்சியைப் பற்றி அறிகிறோம். வென்றவன் எழுதியதில் தோற்றவன் பெருமை எவ்வளவு இருக்கும்? வெப்பின் நிலை இதற்கு நேர்மாறானது. அவரிடம் தோற்றவர்களே அவருடைய செப்பேடு. ஜீன் குரூபா சொன்னார். அவருக்கு அடுத்து வந்த பட்டி ரிச், டிரம் உலகம் முழுவதற்கும் வெப்பைத் தந்தையெனப் போற்றினார். தொழிலில் போட்டியாளன் தரும் நற்சான்றைவிட உயர்ந்த சான்று வேறில்லை என்பது என் கருத்து. வெப் எப்போதும் வென்றார் என்றும் எண்ணிவிடலாகாது. 1937 மார்ச்சில் எலிங்டன் குழுவிடம் அவர் தம் மண்டபத்திலேயே பின்னடைந்தார் என்பர். மேற்கூறிய கார்னகி கச்சேரி நடந்த அதே இரவில், அது முடிந்தபின், சவாயில் வெப்புக்கும் கவுண்ட் பேசி குழுவுக்கும் போட்டி. குட்மன் குழுவினரும் தம் கச்சேரியை முடித்துக்கொண்டு அதனைக் கேட்க ஓடோடி வந்தனர். வென்றவர் யார் என்பதில் அன்றே கருத்து இரண்டுபட்டது.

இனி அவர் வாழ்வில் வந்து சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாவிடில் வரலாறு நிறைவுறாது. எல்லா ஃபிட்ஜெரால்டு என்பது அவர் பெயர். 1917-ல் பிறந்து, 1932-ல் தாயை இழந்து, சீர்திருத்தப் பள்ளியொன்றில் அடைபட்டு, அங்கிருந்து வெளியேறி, ஹார்லெம் தெருக்களில் தங்க இடமின்றித் திரிந்த சிறுமி. 1934 நவம்பர் 21 அன்று அப்போலோ நாடக அரங்கில் புதியோருக்கான போட்டியில் ஆடுவதற்காகப் பெயர் கொடுத்துவிட்டு, தனக்கு முன் ஆடியவர்களின் திறமையைக் கண்டு அஞ்சி, மேடையேறியபின் பாடிவிட்டார். 25 டாலர் முதற்பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததேயன்றி வேலை கிடைக்கவில்லை. கசங்கிய உடையும் வாராத தலையுமாக நின்ற பெண்ணை எவரும் மேடையில் நிறுத்த விரும்பவில்லை.

வெப்பும் முதலில் தயங்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தோற்றத்தால் தாமே ஒதுக்கப்பட்டவர் இன்னொருவரைத் தோற்றத்தால் ஒதுக்க எண்ணியது மனித இயல்பின் விந்தை. பிறகு, யேல் பல்கலைக்கழகத்து நடன நிகழ்ச்சி ஒன்றில் சோதனையாகப் பாட வைப்போம், மாணவர்கள் ஏற்றால் இருக்கட்டும் என்றார். மாணவர்கள் ஏற்றனர். 1935 முதல் ஃபிட்ஜெரால்டு வெப் குழுவின் பாடகி. அப்பெண்ணை அவர் சட்டப்படி தத்தெடுத்தார் என்று ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது, அது உண்மையன்று. ஆயினும் உடையும் உறைவிடமும் தொழிலும் தந்து, எங்கே மூச்செடுப்பது, எப்படித் தாளத்தின் மீது அமர்வது என்பதைப் பின்னாலிருந்து முழவாலேயே கற்பித்தவர் அவரே. தத்துப் பத்திரம் இருந்திருந்தால் இதைவிட அதிகமாக என்ன நிகழ்ந்திருக்கும்?

1938 மே 2 அன்று இக்குழு பதிந்த ஒரு பாட்டு, தொலைந்த கூடையைத் தேடும் சிறுமியைப் பற்றிய பழைய குழந்தைப் பாட்டின் அடியாக ஃபிட்ஜெரால்டும் குழுவுக்கு இசை அமைத்து வந்த வான் அலெக்ஸாண்டரும் ஆக்கியது. 'எ-டிஸ்கெட் எ-டாஸ்கெட்' என்று பெயர். அது பத்து லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்றது. பன்னிரண்டு ஆண்டுகள் ஒத்திகையும் பசியுமாகக் குழுவை வளர்த்தவருக்கு, நாடு முழுவதும் அறிந்த வெற்றியைத் தந்தது ஒரு நிலாச்சோற்றுப் பாட்டு. குழு தன் கம்பீரத்தை இழந்து பாடகிக்குப் பக்கவாத்தியமாகிவிட்டது என்று விமர்சகர் சிலர் குறைகூறினர். குறையில் சிறிது உண்மையும் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் பதின்மூன்று குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர் விமர்சகர் அல்லர், வெப். அதுவரை மூடிக்கிடந்த பெரிய அரங்குகளின் கதவுகள் இப்பாட்டால் திறந்தன.

திறந்த வேளையில் உடல் கைவிடத் தொடங்கியது. 1938-லிருந்தே ஆட்டம் முடிந்ததும் மயங்கி விழுவதும், மருத்துவமனையில் சில நாள் கிடந்து மீண்டும் மேடைக்கு வருவதும் வழக்கமாயிற்று. ஓய்வெடுக்கச் சொன்னவர்களிடம், தாம் படுத்துவிட்டால் குழுவினர் வேலையின்றி நிற்பார்கள் என்பாராம். வாத்தியக்காரருக்கு மருத்துவ விடுப்பு ஏது, வருங்கால வைப்பு நிதி ஏது? வாசித்த நாளுக்குக் காசு; வாசியாத நாளுக்கு இல்லை. வலியை வெளிக்காட்டாத முகத்தோடு ஓராண்டு ஓட்டினார்.

1939 ஜூன் மாதத்தில் வாஷிங்டனுக்கு அருகே உல்லாசப் படகு ஒன்றில் குழு வாசித்தது. அதன்பின் அவரால் எழ இயலவில்லை. பிறந்த ஊராகிய பால்டிமோருக்குக் கொண்டு சென்று, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்த்து அறுவை செய்தனர். ஜூன் 16 அன்று உயிர் பிரிந்தது. இறுதிக் கணத்தில் தம்மை எழுப்பி நிறுத்தச் சொல்லி, சூழ நின்றவர்களிடம் மன்னிக்க வேண்டும், நான் போக வேண்டியிருக்கிறது என்று விடைபெற்றதாகச் சொல்லுவர். 1905-ஐக் கணக்கில் கொண்டால் வயது 34. பால்டிமோரில் நடந்த இறுதிச் சடங்கில் ஃபிட்ஜெரால்டு பாடினார். குழு கலைந்துவிடக் கூடாதென்று, 22 வயதே நிரம்பிய அவரையே தலைவியாக்கினர். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அக்குழு அவர் பெயரால் நடந்தது. பின்னர் தனித்துப் பாடி உலகப் புகழ் எய்திய அவர் மறைந்தது 1996 ஜூன் 15-ல்; தம்மை மேடையில் நிறுத்தியவர் மறைந்து 57 ஆண்டுகள் நிறைய ஒருநாள் குறைவு.

சவாய் மண்டபம் 1958-ல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் குடியிருப்புக் கட்டடங்கள் எழுந்தன. பால்டிமோரில் மட்டும் வெப்பின் பெயர் கட்டடமாக நின்றது. கறுப்பினச் சிறுவர்கள் விளையாடவும் நீந்தவும் இடம் கிடைக்காத அந்நகரில் அவர்களுக்கென ஒரு மனமகிழ் நிலையம் வேண்டுமென்பது அவர் வாழும்போதே பேசிவந்த ஆசை. அவர் மறைந்தபின் 1940-ல் அதற்காக நிதி திரட்டும் நிகழ்ச்சி நடந்தது, ஃபிட்ஜெரால்டு பாடினார், குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி வந்திருந்தார். 1947-ல் சிக் வெப் நினைவு நிலையம் நீச்சல் குளத்தோடு திறக்கப்பட்டது. அவர் செய்தித்தாள் விற்ற கிழக்குப் பால்டிமோர்ப் பகுதியிலேயே அது அமைந்தது.